வோட்காவில் ஆல்கஹால் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு? பெங்களூருக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு கணக்கு

வோட்கா பாட்டிலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். நிறமும் மணமும் இல்லாததால் "இது சுத்த ஸ்பிரிட், ரொம்ப ஸ்ட்ராங்" என்று சிலர் பயப்படுகிறார்கள். அதே காரணத்துக்காக "விஸ்கி, ரம் மாதிரி இல்லை, லைட்டான சரக்கு" என்று வேறு சிலர் தாராளமாக ஊற்றிக்கொள்கிறார்கள். ஆனால் இந்தியாவில் தயாராகும் வோட்கா, விஸ்கி, ரம், பிராந்தி, ஜின் எதை எடுத்தாலும் லேபிளில் பெரும்பாலும் ஒரே எண்தான் இருக்கும்: 42.8. நிறத்துக்கும் வலிமைக்கும் சம்பந்தமே இல்லை.

வேலைக்காக ஊரிலிருந்து வந்து, மாரத்தஹள்ளியிலோ எலெக்ட்ரானிக் சிட்டியிலோ பி.ஜி.யில் தங்கி, முதல் ஹவுஸ் பார்ட்டிக்குக் கூப்பிடப்பட்டிருப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். குடிப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. கர்நாடகத்தில் 21 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக் கூடாது என்பது கலால் விதி. அதற்குக் கீழே இருப்பவர்கள் கணக்கை மட்டும் கற்றுக்கொள்ளலாம். "எத்தனை பெக்?" என்று எண்ணுவதை விட்டுவிட்டு "எத்தனை கிராம் ஆல்கஹால்?" என்று எண்ணப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும். பள்ளிக்கூடப் பெருக்கல், வகுத்தல் போதும்.

முதலில் லேபிளைத் திருப்பிப் பாருங்கள்

முன்பக்கத்து அலங்கார எழுத்தை விடுங்கள். பின்பக்கத்திலோ கீழ் ஓரத்திலோ பொடி எழுத்தில் "42.8% வி/வி" என்று இருக்கும். வி/வி என்றால் கொள்ளளவுக்குக் கொள்ளளவு: 100 மில்லி வோட்காவில் 42.8 மில்லி ஆல்கஹால். அதன் பக்கத்திலேயே நிகர அளவு இருக்கும். 750 மில்லி ஃபுல், 375 ஆஃப், 180 குவார்ட்டர். ஊரில் ஒரு குவார்ட்டரை வாங்கி இரண்டு பேர் கட்டிங் போடுவார்கள். இங்கே 90 மில்லி தனியாகவே கிடைக்கும், கடையில் "நைன்ட்டி" என்றே கேட்பார்கள். கட்டிங்குக்கு ஆள் தேட வேண்டிய அவசியம் இல்லை.

எல்லா வோட்காவும் 42.8 என்று நினைத்துவிடவும் கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் அப்சலூட், கிரே கூஸ் போன்றவை 40. ஆரஞ்சு, பச்சை ஆப்பிள் என்று வாசனை சேர்த்த சில வகைகள் 37.5. ஐரோப்பிய ஒன்றியத்தில் வோட்கா என்று பெயர் போட்டு விற்கக் குறைந்தபட்ச அளவே 37.5தான், அமெரிக்காவில் 40. ஒரே கம்பெனி, ஒரே மாதிரி பாட்டில், ஆனால் வாசனை சேர்த்ததற்கும் சேர்க்காததற்கும் எண் வேறாக இருக்கலாம். அதனால் ஒவ்வொரு முறையும் பார்ப்பது நல்லது.

வாங்கும்போதே இன்னும் இரண்டு விஷயம். மூடியின் மேல் கர்நாடகக் கலால் துறையின் ஹாலோகிராம் ஒட்டுச்சீட்டு கிழியாமல் இருக்க வேண்டும். லேபிளில் "கர்நாடகத்தில் மட்டும் விற்பனைக்கு" என்ற வரி இருக்க வேண்டும். "டிஃபென்ஸ் சரக்கு", "கோவா சரக்கு" என்று யாராவது மலிவாகக் கொண்டுவந்து கொடுத்தால், அந்தப் பாட்டிலில் லேபிள் சொல்வதுதான் உள்ளே இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. பிறகு கணக்குப் போட்டும் பிரயோஜனம் இல்லை.

42.8 என்ற விசித்திர எண் எங்கிருந்து வந்தது?

நாற்பது என்றோ நாற்பத்தைந்து என்றோ முழு எண்ணாக வைக்காமல் இதென்ன 42.8? பிரிட்டிஷ்காரர்கள் விட்டுப்போன மிச்சம் இது.

அவர்கள் சாராயத்துக்கு வரி போட்டபோது சதவீதத்தில் அளக்கவில்லை, "ப்ரூஃப்" என்ற கணக்கில் அளந்தார்கள். வெடிமருந்துத் தூளைச் சாராயத்தில் நனைத்துப் பற்றவைத்துப் பார்ப்பது பழைய முறை. நனைந்த பிறகும் பற்றினால் சரக்கு தேறிவிட்டது. பற்றாவிட்டால் தண்ணீர் அதிகம். பிறகு சைக்ஸ் என்பவரின் மிதவைமானி (திரவத்தில் மிதக்கவிட்டு அடர்த்தி பார்க்கும் கருவி) வந்து, 1816-இல் அதைச் சட்டபூர்வமாக்கினார்கள். அந்தக் கணக்கில் 100 ப்ரூஃப் என்பது சுமார் 57.1 சதவீத ஆல்கஹால். இந்தியக் கலால் துறையும் அதையே பின்பற்றியது. இங்கே சரக்கின் வலிமையை 75 ப்ரூஃப் என்று வைத்தார்கள். 57.1-இல் முக்கால் பங்கு எவ்வளவு? 42.8.

பழைய லேபிள்களிலும், இன்றைக்குச் சில லேபிள்களிலும் "75° ப்ரூஃப்" அல்லது "25° யு.பி." என்று போட்டிருப்பதன் பொருள் இதுதான். யு.பி. என்றால் ப்ரூஃபுக்கு 25 கீழே. உத்தரப்பிரதேசமும் இல்லை, விட்டல் மல்லையா சாலையில் இருக்கும் யு.பி. சிட்டியும் இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க ப்ரூஃப் கணக்கு வேறு. அங்கே சதவீதத்தை இரண்டால் பெருக்கினால் ப்ரூஃப். 40 சதவீத வோட்காவை 80 ப்ரூஃப் என்பார்கள். யாராவது கெம்பேகௌடா விமான நிலைய டியூட்டி ஃப்ரீயில் வாங்கிவந்த பாட்டிலைக் காட்டி "இது 80 ப்ரூஃப், நம்மூர் சரக்கு வெறும் 75தான்" என்று பெருமை அடித்தால் நம்ப வேண்டாம். அவர் கையில் இருப்பது 40 சதவீதம், நம்மூர் 75 ப்ரூஃப் 42.8 சதவீதம். நம்முடையதுதான் கொஞ்சம் கூடுதல். ப்ரூஃபை மறந்துவிட்டு சதவீதத்தை மட்டும் பாருங்கள்.

கணக்கு: மூன்றால் வகுத்தால் கிராம்

வழிமுறை இவ்வளவுதான். ஊற்றிய மில்லியைச் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுத்தால் ஆல்கஹால் எத்தனை மில்லி என்று வரும். அதை 0.79-ஆல் பெருக்கினால் கிராம். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசானது. ஒரு மில்லி எடை 0.789 கிராம்தான். அதனால்தான் அந்தப் பெருக்கல்.

ஒரு ஸ்மால் பெக், அதாவது 30 மில்லி: 30 × 42.8 ÷ 100 = 12.84 மில்லி. 0.79-ஆல் பெருக்கினால் சுமார் 10 கிராம். உலக அளவில் மருத்துவர்கள் "ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க்" என்று வைத்திருக்கும் அளவும் பல நாடுகளில் 10 கிராம்தான். நம்மூர் 30 மில்லி பெக்கும் 42.8 சதவீதமும் சேர்ந்து கிட்டத்தட்ட மிகச் சரியாக அந்த 10 கிராமில் வந்து உட்காருகின்றன. இதை யாரும் திட்டம் போட்டு வைத்ததாகத் தெரியவில்லை, ஆனால் மனக்கணக்குக்கு ரொம்ப வசதி.

ஏனென்றால் 42.8 சதவீதச் சரக்கு எதுவானாலும், ஊற்றிய மில்லியை மூன்றால் வகுத்தால் போதும். ஆல்கஹால் கிராமில் கிடைத்துவிடும்.

30 மில்லி – 10 கிராம்
60 மில்லி – 20 கிராம்
90 மில்லி – 30 கிராம்
180 மில்லி – 60 கிராம் (துல்லியமாகப் பார்த்தால் 61)
750 மில்லி – 250 கிராம் (துல்லியமாக 253)

ஒரு ஃபுல் பாட்டிலில் கால் கிலோ ஆல்கஹால். நான்கு பேர் சேர்ந்து முடித்தால் தலைக்கு ஒரு குவார்ட்டருக்கு மேல், 60 கிராமைத் தாண்டிய கணக்கு. "நாலு பேர்ல ஒரு ஃபுல்லு ஒண்ணுமே இல்லடா" என்று சொல்பவரிடம் இந்த எண்ணைச் சொல்லிப் பாருங்கள்.

40 சதவீத வோட்கா என்றால் 30 மில்லியில் 9.5 கிராம். வித்தியாசம் சிறிதுதான், மூன்றால் வகுப்பதே போதும்.

பாரில் இந்தக் கணக்கு எளிது. ஜிக்கர் என்ற அளவுக் கிண்ணத்தில் அளந்து ஊற்றுவார்கள், பில்லிலும் 30 அல்லது 60 என்று போடுவார்கள். சிக்கல் வீட்டில்தான். ஸ்டீல் டம்ளரிலோ அகலமான கண்ணாடிக் கிளாஸிலோ "ஒரு விரல் உயரம்" என்று ஊற்றினால் அது 40-ஆகவும் இருக்கலாம், 70-ஆகவும் இருக்கலாம். ஜிக்கர் வாங்க முடியாவிட்டால் இருமல் மருந்து பாட்டிலோடு வரும் பிளாஸ்டிக் மூடியை எடுங்கள். 5, 10, 15 என்று கோடு போட்டிருக்கும். 15-ஐ இரண்டு முறை ஊற்றினால் ஸ்மால். பார்க்கக் கொஞ்சம் காமெடியாக இருக்கும். இருக்கட்டும்.

அப்படியானால் தண்ணீர் 57.2 மில்லியா?

இல்லை. 100-இலிருந்து 42.8-ஐக் கழித்தால் 57.2 வருகிறது; ஆனால் உண்மையில் 100 மில்லி வோட்காவில் சுமார் 60.5 மில்லி தண்ணீர் இருக்கிறது. 42.8-உம் 60.5-உம் கூட்டினால் 103.3. பாட்டிலிலோ 100 மில்லிதான். மீதி 3.3 மில்லி எங்கே?

ஆல்கஹாலும் தண்ணீரும் கலக்கும்போது கொள்ளளவு சுருங்கும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு, தனித்தனியாக இருந்ததைவிட நெருக்கமாக அடைந்துகொள்கின்றன. 50 மில்லி சுத்த ஆல்கஹாலில் 50 மில்லி தண்ணீர் ஊற்றினால் 100 வராது. 96, 97 மில்லிதான் வரும். கலக்கும்போது பாத்திரம் லேசாகச் சூடாவதையும் உணரலாம். எடை மட்டும் குறையாது. அதனால் ஆய்வகத்தில் நம்புவது எடையைத்தான். எடைப்படி பார்த்தால் 42.8 சதவீத வோட்காவில் ஆல்கஹால் 36 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. மீதி 64 சொச்சம் தண்ணீர். ஆக, எடைக்குக் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான்.

தொழிற்சாலையில் நடப்பதைப் பார்த்தால் இது இன்னும் நன்றாக விளங்கும். மொலாசஸையோ (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு) உடைந்த அரிசி, மக்காச்சோளம் போன்ற தானியத்தையோ நொதிக்கவைத்து, மீண்டும் மீண்டும் வடித்து எடுப்பதுதான் எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், தொழிலில் இ.என்.ஏ. என்பார்கள். இதன் வலிமை 96 சதவீதம். சாதாரண வடித்தலில் அதற்கு மேல் பெரிதாகப் போக முடியாது. எடையில் 95.6 சதவீதத்தை எட்டியதும் ஆல்கஹாலும் தண்ணீரும் ஒரே விகிதத்தில் சேர்ந்தே ஆவியாகும், பிரியவே பிரியாது. ஆக, தொழிற்சாலைக்குக்கூட முழுக்கத் தண்ணீர் இல்லாத ஆல்கஹால் வருவதில்லை.

அந்த 96-ஐத் தாது நீக்கிய தண்ணீர் சேர்த்து 42.8-க்குக் கொண்டுவருகிறார்கள். கரியில் வடிகட்டும் வேலையும் உண்டு. 100 லிட்டர் இ.என்.ஏ.யிலிருந்து சுமார் 224 லிட்டர் வோட்கா கிடைக்கும். அதற்கு 124 லிட்டர் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று கணக்குப் போட்டால் தப்பு; சுமார் 131 லிட்டர் ஊற்ற வேண்டும். ஏழு லிட்டர் சுருக்கத்தில் போய்விடுகிறது. வோட்கா செய்வது என்பது பெருமளவுக்குச் சரியான தண்ணீரைச் சரியான அளவில் ஊற்றும் வேலை என்று சொன்னால் தொழிலில் இருப்பவர்கள் கோபப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுருக்கத்தைத்தான் தனிம அட்டவணை போட்ட மெண்டலீவ் 1865-இல் தன் ஆய்வேட்டில் எழுதினார். அதை வைத்து "வோட்காவுக்கு 40 சதவீதம் என்று நிர்ணயித்தவர் மெண்டலீவ்" என்று ஒரு கதை இணையமெங்கும் சுற்றுகிறது. ரஷ்யாவில் அந்த 40 சதவீத அளவு 1843-இலேயே வந்துவிட்டது. அப்போது மெண்டலீவுக்கு ஒன்பது வயது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க

பாட்டிலில் யாராவது தண்ணீர் கலந்துவிட்டார்களா என்ற சந்தேகம் பி.ஜி. வாழ்க்கையில் வராமல் இருக்காது. பொதுப் பாட்டில், பொது ஃப்ரிட்ஜ், நான்கு ரூம்மேட்டுகள்.

எளிதான சோதனை ஃப்ரீசர். 42.8 சதவீத வோட்கா மைனஸ் 25 டிகிரி வாக்கில்தான் உறையத் தொடங்கும். நல்ல ஃப்ரீசர் மைனஸ் 18 வரை போகும். ஒரு ராத்திரி வைத்தும் வோட்கா கெட்டியான எண்ணெய் மாதிரி ஓடினால் சரி. ஐஸ் துகள் மிதந்தால் வலிமை குறைந்திருக்கிறது. ஃபுல்லில் கால் பங்கை எடுத்துவிட்டு அந்த அளவுக்குத் தண்ணீர் ஊற்றியிருந்தால் வலிமை 32-க்கு இறங்கியிருக்கும். அது மைனஸ் 18-இல் ஐஸ் கட்டத் தொடங்கும். ஆனால் பி.ஜி.க்களில் இருக்கும் சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் ஃப்ரீசர் பல நேரம் மைனஸ் 18-ஐத் தொடுவதே இல்லை. அதனால் ஐஸ் கட்டினால் கலப்படம் நிச்சயம். கட்டாவிட்டால் ரூம்மேட் நிரபராதி என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது.

எண்ணாகவே வேண்டும் என்றால் தராசு. நகை எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.1 கிராம் காட்டுவது, ஆன்லைனில் சல்லிசாகக் கிடைக்கும். கழுத்து குறுகிய 100 மில்லி பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை எடுத்து, காலியாக வைத்துத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்புவரை தண்ணீர் நிரப்பி எடை பாருங்கள். கொட்டிவிட்டு நன்றாக உலர்த்தி, அதே விளிம்புவரை வோட்கா நிரப்பி எடை பாருங்கள். இரண்டும் அறை வெப்பநிலையில் இருக்கட்டும்; ஒன்று ஃப்ரிட்ஜிலிருந்து, ஒன்று குழாயிலிருந்து என்று இருந்தால் கணக்கு கெட்டுவிடும். வோட்கா எடையைத் தண்ணீர் எடையால் வகுங்கள். 0.944 அல்லது 0.945 வந்தால் 42.8 சதவீதம். 0.95 என்றால் 40. 0.954 என்றால் 37.5. 0.964 வந்தால் 30. 0.975 என்றால் 20, அதாவது ரூம்மேட்டோடு உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

மிதவைமானி வாங்குவதாக இருந்தால், பால் பார்க்கும் லாக்டோமீட்டரை வாங்கிவிடாதீர்கள். ஆல்கஹால் மீட்டர் என்று தனியாக உண்டு. அதன் அளவுகள் 20 டிகிரி வெப்பத்துக்குப் போட்டவை. பெங்களூர் அறையில் 27 டிகிரி இருந்தால், 42.8 சதவீதச் சரக்கு 45-க்கு மேல் காட்டும். ஒரு டிகிரிக்குச் சுமார் 0.4 வீதம் கழித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை சேர்த்த வாசனை வோட்காவில் தராசும் மிதவைமானியும் இரண்டுமே ஏமாற்றும். சர்க்கரை எடையைக் கூட்டி, வலிமையைக் குறைத்துக் காட்டும்.

பற்றவைத்துப் பார்க்கும் சோதனை வேண்டவே வேண்டாம். 40 சதவீதச் சரக்கின் ஆவி 26 டிகிரியிலேயே தீப்பிடிக்கும் நிலைக்கு வந்துவிடும். இது 1816 இல்லை. உங்கள் அறையில் திரைச்சீலையும் மெத்தையும் இருக்கின்றன.

மிக்ஸிங்: தண்ணீர் கூடினால் என்ன குறைகிறது?

60 மில்லி வோட்காவில் 60 மில்லி தண்ணீர் சேர்த்தால் வலிமை 21 சதவீதம். 180 மில்லி ஸ்ப்ரைட் சேர்த்தால் சுமார் 11. ஐஸ் உருக உருக இன்னும் குறையும். குறைவது சதவீதம் மட்டும்தான். கிளாஸுக்குள் இருக்கும் 20 கிராம் ஆல்கஹால் அப்படியே இருக்கிறது. "நான் தண்ணி நிறைய ஊத்திக் குடிக்கிறேன், எனக்கு ஏறாது" என்பவர் மெதுவாகக் குடிக்கிறார், வயிற்றில் தண்ணீரும் போகிறது. அந்த அளவுக்கு நல்லது. ஆனால் எண்ணிக்கையில் அவருக்கு எந்தச் சலுகையும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை. ஆல்கஹால் ரத்தத்தில் வேகமாக ஏறுவது 20 முதல் 30 சதவீத வலிமையில். கச்சாவாக அடிப்பதைவிடச் சமபங்கு தண்ணீர் கலந்த கிளாஸ் வேகமாக ஏறக்கூடும். வலிமையை 10-க்குக் கீழே கொண்டுபோய், ஏதாவது சாப்பிட்டுக்கொண்டே குடித்தால் வேகம் குறையும். சைட் டிஷ் என்று நான்கு வேர்க்கடலையை வைத்துக்கொள்வது சாப்பாட்டுக் கணக்கில் சேராது. சப்பாத்தியோ பிரியாணியோ முன்கூட்டியே உள்ளே போயிருக்க வேண்டும்.

எந்தத் தண்ணீர் என்பதும் வோட்காவில் நாக்குக்குத் தெரியும், மறைக்க வேறு சுவை இல்லையே. சுமார் 100 கிலோமீட்டர் தாண்டி வரும் காவிரித் தண்ணீர் கிடைக்கும் பகுதியில் இருந்தால் அதைக் காய்ச்சி ஆறவைத்ததே போதும். ஒயிட்ஃபீல்டு பக்கம் போர்வெல், டேங்கர் தண்ணீர்தான் என்றால் அது உப்பு, கடினம். வோட்காவில் ஊற்றினால் சப்பென்று சுண்ணாம்புச் சுவை வரும். தொழிற்சாலையில் தாது நீக்குவதும் இதற்காகத்தான்: கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் பாட்டிலில் கலங்கல் படியும். வடிகட்டி போட்ட ஆர்.ஓ. தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ஐஸும் அதே தண்ணீரில் போட்டதாக இருக்கட்டும்.

கோரமங்களா, இந்திராநகர் பப்களில் காக்டெயில் ஆர்டர் செய்யும்போது மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். லாங் ஐலண்ட் ஐஸ் டீ பார்க்க ஐஸ் டீ மாதிரியே இருக்கும். உள்ளே வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, அதோடு ஆரஞ்சு லிக்கர். ஒவ்வொன்றும் 15 மில்லியா 30 மில்லியா என்று சர்வரிடம் கேளுங்கள். 30 என்றால் அந்த நான்கு மட்டுமே 120 மில்லி, 40 கிராம் வாக்கில்.

"நான் பீர் மட்டும்தான்"

இந்தக் கணக்கு கற்றதில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டிலில் "8 சதவீதத்துக்கு மிகாமல்" என்று போட்டிருக்கும். முழு 8 என்று வைத்தால் 52 மில்லி ஆல்கஹால், 41 கிராம். அதாவது வோட்காவில் நான்கு ஸ்மால். இரண்டு லார்ஜ் (60 மில்லி பெக்) அடித்தவனைப் பார்த்து "ஏன்டா இப்படிக் குடிக்கிறே" என்று ஒரு ஸ்ட்ராங் பீரை முடித்தவர் புத்தி சொல்லும் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். 5 சதவீத லாகர் 650 மில்லி என்றால் 26 கிராம். மைக்ரோப்ரூவரியில் அரை லிட்டர் மக் என்றால் சுமார் 20. ஒயின் 13 சதவீதம், 150 மில்லி கிளாஸ் என்றால் 15.

வண்டிச் சாவியை எப்போது எடுக்கலாம்?

மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆவது பிரிவுப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால்தான் எல்லை. முதல் முறை பிடிபட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். டூ வீலருக்கும் இதே சட்டம்.

70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் ஒரு லார்ஜ் குடித்தால், 20 கிராம், ரத்தத்தில் சுமார் 40 மில்லிகிராம் வரை போகலாம். ஒரே லார்ஜிலேயே எல்லை தாண்டிவிட்டது. எடை குறைந்தவர்களுக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடும். உடலில் தண்ணீரின் அளவு குறைவாக இருப்பதால் அதே ஆல்கஹால் குறைந்த தண்ணீரில் கரைகிறது. ஆக, அன்றைக்கு ராத்திரி வண்டி ஓட்டும் திட்டம் இருந்தால் கணக்கே வேண்டாம், பூஜ்யம்தான்.

பலரும் மறப்பது மறுநாள் காலையை. கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் அப்புறப்படுத்தும். ஒரு குவார்ட்டர் 61 கிராம். அதற்கு 6 முதல் 9 மணி நேரம் ஆகும். ராத்திரி ஒரு மணிக்கு முடித்துவிட்டு, காலை ஏழு மணிக்கு சில்க் போர்டு டிராஃபிக்கைத் தாண்ட பைக்கை எடுப்பவர் இன்னும் எல்லைக்கு மேலே இருக்கலாம். மோர், எலுமிச்சைச் சாறு, டபுள் ஸ்ட்ராங் ஃபில்டர் காபி எதுவும் கல்லீரலை அவசரப்படுத்தாது. காபி விழிக்கவைக்கும், அவ்வளவுதான்.

கணக்குக்கு அடங்காத ஒன்று

மேலே சொன்ன தராசு, மிதவைமானி, ஃப்ரீசர் எதுவும் மெத்தனால் என்ற விஷ ஆல்கஹாலைக் கண்டுபிடிக்காது. இதுவரை நாம் பேசிய ஆல்கஹாலான எத்தனாலின் அடர்த்தி 0.789 என்றால் மெத்தனாலின் அடர்த்தி 0.791. தராசுக்கு இரண்டும் ஒன்றுதான். நாக்குக்கும் மூக்குக்கும்கூட வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. 1981-இல் இதே பெங்களூரில் கள்ளச்சாராயம் குடித்து 300-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2008-இல் கர்நாடக, தமிழ்நாட்டு எல்லைப் பகுதிகளில் நூற்றுக்கும் மேற்பட்டோர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி. அதனால் சீல் உடைந்த பாட்டில், தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வரும் "ஃபேக்டரி ஸ்பிரிட்", ஹாலோகிராம் இல்லாத மலிவுச் சரக்கு எதையும் அளந்து பார்த்து நம்ப முயலாதீர்கள். கொட்டிவிடுங்கள்.

குடித்த பிறகு பல மணி நேரம் கழித்து, சாதாரண ஹேங்ஓவர் தெளிய வேண்டிய நேரத்தில், பார்வை மங்கினாலோ கண் முன்னே வெள்ளையாகத் தெரிந்தாலோ, வயிற்றுவலியும் மூச்சு வாங்குவதும் சேர்ந்து வந்தாலோ தூங்கவைக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மெத்தனாலுக்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் நேரம் முக்கியம். குடித்த பாட்டிலில் மிச்சம் இருந்தால் அதையும் எடுத்துப்போய் மருத்துவரிடம் கொடுங்கள். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்பதையும் சொல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் அறிகுறி தெரிந்திருக்காது.